ஒருவருக்கு இருவர்: ஓர் அணி எவ்வளவு கொடுக்கலாம்?

(ஸ்ரீமதுரையில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



கூடலூர்ப் பக்கத்து இந்த ஸ்ரீமதுரை இருக்கும் இடமே இன்றைய பேச்சுக்குப் பாதி வேலையைச் செய்துவிடுகிறது. கூடலூரிலிருந்து ஒரு சாலை நாடுகாணி வழியாக மலப்புறத்துக்கு இறங்குகிறது. இன்னொன்று முதுமலைக் காட்டைக் கடந்து பந்திப்பூர், மைசூர் என்று போகிறது. மூன்றாவது ஊட்டிக்கு ஏறி, அங்கிருந்து கோவைக்கு இறங்குகிறது. மூன்று மாநிலத்துக் காற்றும் இங்கே வீசுகிறது. அதனால்தான் ஒரு வீட்டில் சென்னை ரசிகர், அடுத்த வீட்டில் பெங்களூரு ரசிகர், அதற்கடுத்த வீட்டில் எந்த அணியானாலும் சரி, சஞ்சு சாம்சன் மட்டை பிடித்தால் போதும் என்பவர்.

2025 நவம்பர் 15 அன்று அந்த மூன்று வீட்டுக்கும் ஒரே செய்தி வந்தது. ரவீந்திர ஜடேஜாவையும் சாம் கரனையும் ராஜஸ்தான் ராயல்ஸுக்குக் கொடுத்துவிட்டு, சஞ்சு சாம்சனைச் சென்னை சூப்பர் கிங்ஸ் வாங்கிக்கொண்டது. ஒருவருக்கு இருவர். சாம்சனின் சம்பளம் 18 கோடி. ஜடேஜாவின் சம்பளம் 18 கோடியிலிருந்து 14 கோடியாகக் குறைந்தது. கரன் 2.4 கோடி. ஒரு வீட்டில் கொண்டாட்டம். ஒரு வீட்டில் அழுகை. ஒரு வீட்டில் இரண்டுமே.

அந்தச் செய்திக்குள் இருக்கும் கேள்விதான் இன்றைய தலைப்பு. அணியின் நடுநாயகமாக நிற்கப்போகிற ஒரே ஒருவருக்காக, ஓர் அணி எவ்வளவு கொடுக்கலாம்? இரண்டு பேரைக் கொடுக்கலாமா? கையிருப்பில் பாதியைக் கொடுக்கலாமா? நாளைக்கு வரவேண்டியதை இன்றே கொடுக்கலாமா?

இது கோடீஸ்வரர்களின் கேள்வி மட்டும் அல்ல. இந்தப் பக்கத்தில், அணிக்கு ஏழு பேர் ஆடும் செவன்ஸ் கால்பந்துப் போட்டி என்றால் கமிட்டிக்காரர்கள் கூடிப் பேசுவது எதைப் பற்றி? வசூலான பணத்தை எல்லாம் போட்டு, கீழே மலப்புறத்திலிருந்து ஒரு ஃபார்வர்டை இறக்கலாமா, அல்லது உள்ளூர்ப் பையன்களுக்கு பூட்ஸும் ஜெர்சியும் வாங்கலாமா என்பதைத்தானே? கேள்வி ஒன்றுதான். பூஜ்யங்கள் மட்டும் கூடுதல்.

இந்தக் கேள்வியை வருடம் தவறாமல், ஊர் கூடி, தொலைக்காட்சி முன் உட்கார்ந்து வாதாடும் நாடு அமெரிக்கா. அவர்களுடைய கால்பந்து நம் ஆட்டம் அல்ல. பந்தைக் கையில் பிடித்து ஓடி, எறிந்து ஆடுவது. அதில் குவாட்டர்பேக் என்று ஒருவர். ஒவ்வொரு முறையும் பந்து முதலில் அவர் கைக்கு வரும். எதிரணி எங்கே நிற்கிறது, யார் தன்னை நோக்கிப் பாய்கிறார், தன் ஆட்களில் யார் காலியாக ஓடுகிறார் என்பதை இரண்டு மூன்று நொடிக்குள் பார்த்து அவர் பந்தை எறிய வேண்டும். கீப்பரின் கண்ணும் கேப்டனின் மூளையும் ஒரே ஆளிடம் இருப்பதுபோல் வைத்துக்கொள்ளுங்கள்.

அங்கே கல்லூரி வீரர்களை எடுக்க ஏலம் கிடையாது. வரிசை உண்டு. 32 அணிகள், ஏழு சுற்று. போன ஆண்டு கடைசியில் வந்த அணிக்கு முதல் வாய்ப்பு. நல்ல குவாட்டர்பேக் வேண்டும், ஆனால் நம் முறை 27ஆவது என்றால் என்ன செய்வது? முன்னால் நிற்கும் அணியிடம் போய், நம் இடத்தோடு அடுத்த ஆண்டின் இடத்தையும் சேர்த்துக் கொடுத்து, முன்னே ஏற வேண்டும். அங்கே வாய்ப்புதான் நாணயம். 1991 வாக்கில் டல்லாஸ் அணியின் பயிற்சியாளர் ஜிம்மி ஜான்சன் காலத்தில் இதற்கு ஒரு விலைப்பட்டியலே போட்டார்கள். முதல் இடத்துக்கு 3,000 புள்ளி, இரண்டாவதுக்கு 2,600, 32ஆவதுக்கு 590. கறிக்கடைப் பலகை மாதிரி எல்லா அணிகளும் அதைப் பார்த்தே பேரம் பேசின.

பிறகு பொருளாதார அறிஞர்கள் கேட் மாசியும் ரிச்சர்ட் தேலரும் அந்த விலைகளை ஆராய்ந்தார்கள். தேலர் 2017இல் நோபல் பரிசு பெற்றவர். அவர்கள் கண்டது இதுதான்: வரிசையின் உச்சியில் இருக்கும் இடங்களுக்கு அணிகள் அளவுக்கு மீறிக் கொடுக்கின்றன. யார் சிறந்தவர் என்று தங்களுக்குத் தெரியும் என்ற நம்பிக்கை ஒவ்வொருவருக்கும் கொஞ்சம் அதிகமாகவே இருக்கிறது.

அப்படியானால் ஏறவே கூடாதா? அவசரப்பட வேண்டாம். முதலில் நம் ஊர்க் கதையைப் பார்ப்போம்.

2008 பிப்ரவரி 20. மும்பையில் ஐபிஎல்லின் முதல் ஏலம். சுத்தியலைப் பிடித்து நின்றவர் ஆங்கிலேயர் ரிச்சர்ட் மேட்லி. ஒவ்வோர் அணியின் கையிலும் 50 லட்சம் டாலர். அதற்கு முன்பே ஐந்து ஊர்களுக்கு ஐந்து நட்சத்திரங்களைப் பிரித்துக் கொடுத்திருந்தார்கள்: மும்பைக்குச் சச்சின், கொல்கத்தாவுக்குக் கங்குலி, பெங்களூருக்கு டிராவிட், மொகாலிக்கு யுவராஜ், டெல்லிக்குச் சேவாக். சென்னைக்கு நட்சத்திரம் இல்லை.

பார்ப்பவர்களுக்கு அது குறையாகத் தெரிந்தது. ஆனால் விதியைக் கூர்ந்து படித்தவர்களுக்கு அதுவே பலம். நட்சத்திர வீரர் உள்ள அணி, தான் ஏலத்தில் அதிக விலைக்கு வாங்கும் வீரரைவிட 15 சதவீதம் கூடுதலாக அந்த நட்சத்திரத்துக்குக் கொடுத்தாக வேண்டும். இப்போது மும்பையின் கணக்கைப் போட்டுப் பாருங்கள். மகேந்திர சிங் தோனியை 15 லட்சம் டாலருக்கு எடுத்தால், சச்சினுக்கு 17.25 லட்சம். இரண்டு பேருக்கே 32 லட்சத்தைத் தாண்டிவிடும். மீதி 18 லட்சத்துக்கும் குறைவு. அதில் ஓர் அணியையே கட்ட வேண்டும். சென்னைக்கோ அந்தத் தளை இல்லை. 15 லட்சம் கொடுத்தால் 35 லட்சம் மிச்சம்.

சென்னை அணியின் தேர்வுப் பொறுப்பில் அன்று இருந்தவர் வி.பி. சந்திரசேகர். 1988 இரானி கோப்பையில் சேப்பாக்கத்தில் 56 பந்தில் சதம் அடித்த அதே தமிழ்நாட்டுத் தொடக்க ஆட்டக்காரர். அடிக்க வேண்டிய பந்தை விடாதவர் மேசையிலும் விடவில்லை. 15 லட்சம் டாலர், அன்றைய மதிப்பில் சுமார் 6 கோடி ரூபாய். தோனி சென்னைக்கு வந்தார்.

எல்லோரும் இந்தக் கதையை இங்கே நிறுத்திக் கை தட்டுவார்கள். கவனிக்க வேண்டியது அதற்குப் பிறகு நடந்ததைத்தான். மிச்சம் இருந்த 35 லட்சத்தில் சென்னை என்ன வாங்கியது? முத்தையா முரளிதரன் 6 லட்சம். சுரேஷ் ரெய்னா 6.5 லட்சம். மேத்யூ ஹேடன் 3.75 லட்சம். பத்ரிநாத் போன்ற தமிழ்நாட்டுப் பிள்ளைகள் ஏலத்துக்கு வெளியிலிருந்து வந்தார்கள். பின்னர் முரளி விஜய், அஸ்வின். தோனி வந்து இறங்கியது வெறும் மைதானத்தில் அல்ல; பந்து போட ஒருவர், அடிக்க ஒருவர், ஓட ஒருவர் என்று நிரம்பிய மைதானத்தில்.

அப்படி இருந்தும் முதல் ஆண்டே கோப்பை வந்ததா? வரவில்லை. அந்த ஏலத்தில் மிகச் சிக்கனமாகச் செலவழித்த ராஜஸ்தான் ராயல்ஸ், ஷேன் வார்ன் தலைமையில், இறுதி ஆட்டத்தின் கடைசிப் பந்தில் சென்னையை வென்றது. அந்த ராஜஸ்தான் அணியில் இருந்த இளைஞர்களில் ஒருவர் ரவீந்திர ஜடேஜா. தோனியின் விலை 2008இல் திரும்பி வரவில்லை. 2010, 2011, 2018, 2021, 2023 என்று ஐந்து கோப்பைகளாக வந்தது. சென்னை ஆடிய முதல் பத்து சீசன்களிலும், ஒன்றுகூட விடாமல், கடைசி நான்கு அணிகளுக்குள் வந்தது. ஆண்டுக் கணக்கில் வகுத்துப் பார்த்தால் இந்தியாவில் அதைவிட மலிவான வியாபாரம் நடக்கவில்லை.

அதனால் ஒருவருக்காகப் பெரிதாகக் கொடுப்பது தவறு என்று யாரும் பொதுப்படையாகச் சொல்ல முடியாது. ஆனால் கொடுத்த பிறகு கையில் என்ன மிச்சம்? அந்த ஆள் எத்தனை ஆண்டு அந்த இடத்தில் நிற்பார்? இந்த இரண்டையும் கேட்காமல் விலையை மட்டும் பேசுவது பாதிப் பேச்சு.

கையில் என்ன மிச்சம் என்பதற்கு ஒரே நாளில் நடந்த இரண்டு வியாபாரங்களைவிட நல்ல சாட்சி கிடைக்காது. 2024 நவம்பர் 24, ஜெத்தா நகரத்து ஏலம். பஞ்சாப் அணி ஷ்ரேயஸ் ஐயரை 26.75 கோடிக்கு எடுத்தது. கொஞ்ச நேரத்தில் லக்னோ அணி ரிஷப் பந்தை 27 கோடிக்கு எடுத்தது. விலை கிட்டத்தட்ட ஒன்று. இருவரும் கேப்டன் ஆனார்கள். அடுத்த சீசனில் பஞ்சாப் புள்ளிப் பட்டியலில் முதலிடம், இறுதி ஆட்டம் வரை போய் 6 ரன்னில் தோற்றது. லக்னோ ஏழாவது. பந்த் 14 ஆட்டத்தில் 269 ரன். அதிலும் கடைசி ஆட்டத்துச் சதம் ஒன்றே 118.

பந்த் சரியில்லை, ஷ்ரேயஸ் சரி என்று சொல்லிவிட்டுப் போவது எளிது. ஏலத்துக்குள் நுழையும்போது இரண்டு அணிகளின் கையிலும் எவ்வளவு இருந்தது தெரியுமா? பஞ்சாப் இரண்டே பேரைத் தக்கவைத்துக்கொண்டு 110.5 கோடியோடு வந்தது. லக்னோ ஐந்து பேருக்கு 51 கோடி கொடுத்துவிட்டு 69 கோடியோடு வந்தது. ஷ்ரேயஸின் விலையை மட்டும் கழித்தால் பஞ்சாபுக்கு 83 கோடிக்கு மேல் மிச்சம். ரிஷப் பந்தின் விலையைக் கழித்தால் லக்னோவுக்கு 42 கோடி. தக்கவைத்த பந்துவீச்சாளர்களுக்குக் காயம் என்று வந்தபோது லக்னோ தடுமாறியதில் வியப்பென்ன? தோளில் 27 கோடியைச் சுமந்து நின்ற ரிஷப் பந்துக்குப் பின்னால் நிற்க ஆள் போதவில்லை.

கிரிக்கெட் போதும். நம் மண்ணின் ஆட்டத்துக்கு வருவோம். கபடி.

தமிழ் தலைவாஸ் அணி 2017இல் புரோ கபடி லீகுக்கு வந்தது. முதல் நான்கு சீசன்களில் ஒருமுறைகூடப் பிளே-ஆஃப் வாசலை மிதிக்கவில்லை. 2022 ஆகஸ்ட் ஏலத்தில் நிர்வாகம் ஒரு முடிவுக்கு வந்தது: நாட்டிலேயே சிறந்த ரெய்டரை எடுப்போம், என்ன விலையானாலும். பவன் செராவத்தை 2.26 கோடிக்கு எடுத்தார்கள். லீக் அதுவரை கண்டிராத விலை. அந்த ஆண்டு ஓர் அணி மொத்தமாகச் செலவழிக்கலாம் என்று இருந்ததே 4.4 கோடிதான். பாதிக்கு மேல் ஒரே ஆளுக்கு.

அக்டோபர் 8, பெங்களூரு. குஜராத்தோடு முதல் ஆட்டம். தொடங்கிச் சில நிமிடங்கள்தான். எதிரணி ரெய்டரை மடக்கப் போன பவன் முழங்காலைப் பிடித்துக்கொண்டு விழுந்தார். தூக்கிக்கொண்டு போனார்கள். அந்த சீசனில் அவர் திரும்பக் களம் இறங்கவே இல்லை.

அந்த நிமிடத்தில் தலைவாஸ் ரசிகன் ஒருவனுடைய நெஞ்சு எப்படி இருந்திருக்கும்! பாதிப் பணம் ஸ்ட்ரெச்சரில் போகிறது. தொடக்க ஆட்டங்களில் அடி மேல் அடி. நடுவில் பயிற்சியாளர் மாறி, அஷன் குமார் வந்தார். அப்போதுதான் நரேந்தர் என்ற பையன் எழுந்தான். முதல் சீசன். ஏலத்தில் யாரும் அவனுக்காகக் கோடி சொல்லவில்லை. புதிய இளம் வீரர் என்ற கணக்கில் அணிக்குள் வந்தவன். அவன் 240க்கும் மேல் ரெய்டு புள்ளிகள் எடுத்தான். சாகர் தற்காப்பைப் பிடித்துக்கொண்டார். அணி முதல்முறையாகப் பிளே-ஆஃப் போனது, எலிமினேட்டரில் உத்தரப் பிரதேசத்தை டை-பிரேக்கரில் வென்றது, அரையிறுதியில் புனேவிடம் 37–39 என்று இரண்டே புள்ளியில் தோற்றது.

இதற்கு என்ன பொருள் சொல்வது? 2.26 கோடி வீண் என்று சிலர் சொன்னார்கள். அது பவனுக்குச் செய்யும் அநியாயம். முழங்கால் எந்த ஒப்பந்தத்துக்கும் கட்டுப்படாது. ஆனால் ஒன்று உறுதி. நரேந்தரையும் சாகரையும் போன்ற பிள்ளைகளை முன்பே சேர்த்து வைத்திருந்ததால்தான் தலைவாஸ் பிழைத்தது. அவர்களையும் விற்றுப் பவனை வாங்கியிருந்தால் அந்த சீசன் அக்டோபர் 8ஆம் தேதியே முடிந்திருக்கும்.

அவர்களையும் விற்றுவிடும் அணிகள் உண்டா? உண்டு.

2023இல் அமெரிக்காவின் கரோலைனா அணிக்குக் குவாட்டர்பேக் வேண்டியிருந்தது. ஒன்பதாவது இடத்தில் நின்ற அவர்கள் முதலிடத்துக்கு ஏற விரும்பினார்கள். முதலிடம் சிகாகோவிடம். சிகாகோ என்ன கேட்டது? அந்த ஒன்பதாவது இடம், இரண்டாம் சுற்றில் 61ஆவது இடம், 2024இன் முதல் சுற்று வாய்ப்பு, 2025இன் இரண்டாம் சுற்று வாய்ப்பு. அதோடு டி.ஜே. மூர் என்ற வீரர். யார் இந்த மூர்? கரோலைனாவில் பந்தைப் பிடிப்பதில் முதல் ஆள். புதிய குவாட்டர்பேக் பந்தை யாரை நோக்கி எறிய வேண்டுமோ, அவர்!

மிளகுக் கொடி வைக்கும் கைகள் இங்கே நிறைய இருக்கின்றன. உங்களுக்கு இது சட்டென்று புரியும். கொடி வாங்கப் பணம் போதவில்லை என்று, அது படர வேண்டிய சில்வர் ஓக் மரத்தை வெட்டி விற்பீர்களா?

கரோலைனா விற்றது. பிரைஸ் யங் என்ற கெட்டிக்காரப் பையனை எடுத்தது. அந்த சீசனில் எதிரணிகள் அவனை 62 முறை பந்தோடு தரையில் சாய்த்தன. எறிந்தால் பிடிக்க ஆள் இல்லை, காக்கவும் ஆள் இல்லை. 17 ஆட்டத்தில் 2 வெற்றி. கடைசி இடம். கடைசி இடத்துக்கு அடுத்த ஆண்டு முதல் வாய்ப்பு வருமே? வந்தது. ஆனால் அது ஏற்கெனவே சிகாகோவுக்கு எழுதிக் கொடுத்த வாய்ப்பு. சிகாகோ அதை வைத்துக் காலெப் வில்லியம்ஸ் என்ற குவாட்டர்பேக்கை எடுத்துக்கொண்டது. அங்கே போன மூருக்கோ 2023தான் அதுவரையிலான வாழ்க்கையிலேயே சிறந்த சீசன்.

சான் பிரான்சிஸ்கோவின் கதை வேறு விதம். 2021இல் 12ஆவது இடத்திலிருந்து மூன்றாவதுக்கு ஏற, அடுத்த இரண்டு ஆண்டுகளின் முதல் சுற்று வாய்ப்புகளையும் கொடுத்து டிரே லான்ஸை எடுத்தார்கள். அடுத்த ஆண்டு இரண்டாவது ஆட்டத்திலேயே அவருடைய கணுக்கால் முறிந்தது. 2023இல் அவரை நான்காம் சுற்று வாய்ப்பு ஒன்றுக்கு வேறு அணிக்குக் கொடுத்துவிட்டார்கள். அப்படியானால் அந்த அணி அழிந்ததா? இல்லை. 2022 வரிசையின் கடைசி ஆள், 262ஆவதாக எடுக்கப்பட்ட புராக் பர்டி, அந்த இடத்தில் வந்து நின்றான். 2024 பிப்ரவரியில் அணியைச் சூப்பர் பவுல் இறுதி வரை கொண்டுபோனான்.

அந்த இறுதி ஆட்டத்தில் எதிரே நின்றவர் யார்? கேன்சஸ் சிட்டியின் பேட்ரிக் மஹோம்ஸ். 2017இல் 27ஆவது இடத்திலிருந்து பத்தாவதுக்கு ஏறி எடுக்கப்பட்டவர். அவருக்காகக் கேன்சஸ் சிட்டி கொடுத்தது அந்த ஆண்டின் மூன்றாம் சுற்று வாய்ப்பு ஒன்றும், அடுத்த ஆண்டின் முதல் சுற்று வாய்ப்பு ஒன்றும். தன் அணியிலிருந்து ஓர் ஆளைக்கூடக் கொடுக்கவில்லை. பந்தைப் பிடிக்க டிராவிஸ் கெல்சியும் டைரீக் ஹில்லும் அங்கேயே இருந்தார்கள். வழிகாட்ட ஆண்டி ரீட் என்ற பழுத்த பயிற்சியாளர். இதையெல்லாம்விடப் பெரியது, முதல் ஆண்டு முழுக்க மஹோம்ஸைக் களத்தில் இறக்காமல், அலெக்ஸ் ஸ்மித் என்ற மூத்தவருக்குப் பின்னால் உட்காரவைத்தார்கள். கடைசி ஆட்டம் ஒன்றில் மட்டும் ஆடினார். அடுத்த சீசனில் 50 டச்டவுன், நம் கோல் மாதிரி. 2020இல் அந்த ஊருக்கு ஐம்பது ஆண்டுக்குப் பிறகு முதல் சூப்பர் பவுல். 2023இலும் 2024இலும் மேலும் இரண்டு.

இங்கே ஓர் இளைஞர் எழுந்து கேட்கலாம்: கடைசியில் வந்த பர்டி, 2000இல் 199ஆவதாக எடுக்கப்பட்ட டாம் பிரேடி என்று மலிவாகவே மாணிக்கங்கள் கிடைக்கும்போது எதற்கு விலை கொடுத்து ஏற வேண்டும்? நம் ஊரிலும் உதாரணம் காட்டலாம். 2025இல் பெங்களூருக்கு முதல் ஐபிஎல் கோப்பையை வாங்கித் தந்த கேப்டன் ரஜத் பட்டிதார், 2022 ஏலத்தில் யாரும் எடுக்காமல் விட்டவர். காயம்பட்ட ஒருவருக்கு மாற்றாக 20 லட்சத்துக்கு வந்து, அந்த ஆண்டு எலிமினேட்டரில் 112 ரன் அடித்தவர். சென்னையின் ருதுராஜ் கெய்க்வாட்டும் 20 லட்சத்துக்கு வந்தவரே.

நியாயமான கேள்வி. ஆனால் பட்டிதார் வருவார் என்று பெங்களூரு திட்டம் போட்டு வைத்திருந்ததா? பர்டியை நம்பியிருந்தால் சான் பிரான்சிஸ்கோ 262ஆவது இடம் வரை காத்திருந்திருக்குமா? அதிர்ஷ்டம் கதவைத் தட்டும்போது திறக்க ஆள் வேண்டும், அவ்வளவே. அதையே நம்பி நடுநாயக இடத்தைக் காலியாகப் போட்டுவைக்க எந்த அணியாலும் முடியாது.

இப்போது சென்னைக்குத் திரும்புவோம். 2025 சீசனில் சென்னை பத்தாவது இடம். 14 ஆட்டத்தில் 4 வெற்றி. ஐபிஎல் வரலாற்றிலேயே அந்த அணி கடைசியில் வந்தது அப்போதுதான். சாம்சன் வியாபாரம் நடந்தபோது தோனிக்கு 44 வயது. ஸ்டம்புக்குப் பின்னால் நின்று ஆட்டம் முழுவதையும் பார்க்கிற அந்த இடத்துக்கு அடுத்த ஆள் யார் என்ற கேள்வி பல ஆண்டுகளாகத் தள்ளிப்போடப்பட்டு வந்தது. சாம்சனுக்கு அப்போது வயது 31. கீப்பர், தொடக்க ஆட்டக்காரர், ராஜஸ்தானை ஐந்து சீசன் வழிநடத்தி 2022இல் இறுதி ஆட்டம் வரை கொண்டுபோன கேப்டன்.

கொடுத்தது யாரை? சேப்பாக்கத்தில் பன்னிரண்டு சீசன் ஆடிய ஜடேஜாவை. 2023 மே மாதம் அகமதாபாத்தில், மழையில் நனைந்து நள்ளிரவைத் தாண்டிய இறுதி ஆட்டத்தை யாரால் மறக்க முடியும்? கடைசி இரண்டு பந்தில் பத்து ரன். மோகித் சர்மா வீசிய ஐந்தாவது பந்து நேராகத் தலைக்கு மேல் சிக்ஸர். ஆறாவது பந்து கால் பக்கம் பவுண்டரி. ஓடிவந்த ஜடேஜாவைத் தோனி தூக்கிக்கொண்டார். அந்த ஆளைக் கொடுப்பதா என்று கேட்டவர்களின் வலி உண்மையானது. அதைக் கேலி செய்ய யாருக்கும் உரிமை இல்லை.

வலி உண்மை. ஆனால் வியாபாரம் சரி. ஏன்? 2025 டிசம்பரில் ஜடேஜாவுக்கு 37 வயது நிறைந்தது. சென்னை கொடுத்தது தன் நேற்றையும் இன்றையும். கரோலைனாவைப்போல் நாளையை எழுதிக் கொடுக்கவில்லை. பணமும் கரையவில்லை: 18 கோடிக்கு 18 கோடி நேர், கரனின் 2.4 கோடி மிச்சம். பதிரனா, கான்வே, ரச்சின் என்று பலரை விடுவித்த பிறகு, டிசம்பர் ஏலத்துக்குப் போகும்போது சென்னையின் கையில் 43.4 கோடி. கொல்கத்தாவுக்கு அடுத்த பெரிய கையிருப்பு அதுதான். சேப்பாக்கத்து மெதுவான ஆடுகளத்துக்கு, 2025இல் 24 விக்கெட் எடுத்த நூர் அகமது அப்படியே இருந்தார். படர வேண்டிய மரத்தை வெட்டவில்லை.

கேப்டன் பதவியையும் அவசரப்பட்டுத் தூக்கி சாம்சனிடம் கொடுக்கவில்லை. ருதுராஜே தொடர்வார் என்று அணி அறிவித்தது. இது நல்ல முடிவு. 2023 நவம்பரில் ஹர்திக் பாண்டியாவைக் குஜராத்திலிருந்து மும்பை திரும்ப வாங்கி, ஐந்து கோப்பை வென்ற ரோகித் சர்மாவின் கேப்டன் பதவியை அவரிடம் கொடுத்தது. சொந்த மைதானத்திலேயே ரசிகர்கள் ஹர்திக்கைக் கூச்சலிட்டு அவமதித்தார்கள். மும்பை அடுத்த சீசனில் கடைசி இடம். சென்னைக்கும் இதில் சொந்த அனுபவம் உண்டு: 2022இல் தோனியிடமிருந்து பொறுப்பை வாங்கிய ஜடேஜா எட்டு ஆட்டத்துக்குள் அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். சாம்சன் முதலில் கீப்பராகவும் தொடக்க ஆட்டக்காரராகவும் மட்டும் ஒரு சீசன் ஆடட்டும். மஹோம்ஸுக்குக் கிடைத்த அந்த ஓர் ஆண்டு அவருக்கும் கிடைக்கட்டும்.

கவலை வேறோர் இடத்தில் இருக்கிறது. 2025 டிசம்பர் 16, அபுதாபி ஏலம். பிரசாந்த் வீர், உத்தரப் பிரதேசம், 20 வயது, இடதுகைச் சுழலும் மட்டையும். கார்த்திக் சர்மா, ராஜஸ்தான், 19 வயது, கீப்பர். இருவருக்கும் அடிப்படை விலை 30 லட்சம். இருவரையும் தலா 14.20 கோடிக்குச் சென்னை எடுத்தது. இந்தியாவுக்காக ஆடாத வீரர்களில் அதுவரை யாருக்கும் கிடைத்திராத விலை. கையில் இருந்த 43.4 கோடியில் 28.4 கோடி இரண்டு பிள்ளைகளுக்கு.

சாம்சனுக்காகக் கொடுத்த விலையைவிட இது துணிச்சலான பந்தயம். சாம்சன் என்ன செய்வார் என்பது பத்து ஆண்டுக்கு மேலாக எல்லோருக்கும் தெரியும். 20 வயதுப் பையன் சேப்பாக்கத்தில், ஜடேஜா நின்ற பாயிண்டில் நின்று, ஜடேஜாவின் சம்பளத்தைவிட அதிகம் வாங்கிக்கொண்டு, ஒரு கேட்ச் விட்டால் என்ன நடக்கும்? மைதானத்தில் 30 ஆயிரத்துக்கும் மேற்பட்டோரின் மூச்சு அவன் மேல். கைபேசியில் அதைவிடப் பெரிய கூட்டம். பிரைஸ் யங்கை 62 முறை கீழே தள்ளியவர்கள் எதிரணிக்காரர்கள். நம் பிள்ளைகளைக் கீழே தள்ளுவது பெரும்பாலும் நம் சட்டையைப் போட்டவர்களே.

அதனால் இந்த மண்டபத்தில் சென்னையின் மஞ்சள் சட்டை போட்டு உட்கார்ந்திருப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். பிரசாந்த் வீருக்கும் கார்த்திக் சர்மாவுக்கும் குறைந்தது இரண்டு சீசன் கொடுங்கள். 14.20 கோடி என்ற எண்ணை அவர்கள் ஆடும்போது உச்சரிக்காதீர்கள். அந்த விலையை அவர்கள் கேட்கவில்லை. மேசையில் உட்கார்ந்தவர்கள் பலகையைத் தூக்கித் தூக்கி ஏற்றியது. இந்தப் பக்கத்துக் கமிட்டிகளிடமும் அதையே கேட்கத் தோன்றுகிறது. கீழேயிருந்து ஃபார்வர்டை இறக்குங்கள், தாராளமாக இறக்குங்கள். ஆனால் அவனுக்குப் பந்தை எடுத்துக் கொடுக்கப்போகிற இரண்டு உள்ளூர்ப் பையன்களுக்கு பூட்ஸ் வாங்கிய பிறகு இறக்குங்கள்.

பெங்களூரின் சிவப்புச் சட்டைக்காரர்களுக்குப் பட்டிதாரைப் பற்றி இன்னும் நிறையப் பேச வேண்டியிருக்கும். ராஜஸ்தான் பக்கத்து நியாயத்தையும் யாராவது எடுத்து வைக்க வேண்டும். அவர்களுக்கும் ஒருவருக்கு இருவர் கிடைத்திருக்கிறார்கள், அதில் ஒருவர் 2008இல் அங்கேயே தொடங்கியவர். மைக் இங்கே இருக்கிறது. கேளுங்கள், மறுத்துப் பேசுங்கள்.